செர்மாட் போகிறீர்களா? முதலில் மாதம், பிறகு மற்றதெல்லாம்

ஊரிலிருந்து வரும் உறவினர்கள் எங்கள் வீட்டில் பெட்டியை இறக்கிவைத்த கையோடு கேட்பது ஒன்றுதான்: "அந்த முக்கோண மலையைப் பார்க்க எப்போது போகிறோம்?" டோப்ளரோன் சாக்லேட் அட்டையில் பல ஆண்டுகள் இருந்த மலை அது. தயாரிப்பின் ஒரு பகுதியைச் சுலோவாக்கியாவுக்கு மாற்றப்போவதால் அந்தப் படத்தை எடுத்துவிடுவதாக 2023-இல் நிறுவனமே அறிவித்தது. மலை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. பெயர் மாட்டர்ஹார்ன், உயரம் 4,478 மீட்டர். அதன் காலடியில், சுவிட்சர்லாந்தின் வாலே மாநிலத்தில், 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர்தான் செர்மாட். ஊட்டியைவிட அறுநூறு மீட்டருக்கு மேல் தாழ்ந்த ஊர். ஆனால் சுற்றிலும் நாலாயிரம் மீட்டரைத் தாண்டிய சிகரங்கள் நிற்பதால், நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கும்.

எங்கள் வீட்டுக்கு வந்தவர்களில் பாதிப் பேருக்கு இந்த ஊர் ஏமாற்றத்தைத்தான் கொடுத்தது. காரணம் ஊரல்ல. சூரிக்கிலிருந்து காலையில் புறப்பட்டு, மேகமூட்டத்தில் நூறு பிராங்குக்கு மேல் கொடுத்து மலை ஏறி, வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டு, இரவு திரும்பியவர்கள் அவர்கள். இந்த வழிகாட்டியை எழுதுவதே அவர்களுக்காகத்தான். செர்மாட் ஆண்டு முழுவதும் போகக்கூடிய ஊர், ஆனால் ஆண்டு முழுவதும் ஒரே ஊர் அல்ல. மாதத்தை முடிவுசெய்துவிட்டால் விடுதி, சீட்டு, துணிமணி எல்லாம் தானாக அமையும்.

முதல் படி: மாதம்

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை பனிக்காலம். எல்லையைத் தாண்டி இத்தாலியின் செர்வீனியாவையும் சேர்த்தால் ஏறத்தாழ 360 கிலோமீட்டர் சறுக்குப் பாதைகள். கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட வாரம்தான் ஆண்டிலேயே விலை உச்சம். பிப்ரவரியில் ஐரோப்பியப் பள்ளிகளுக்குப் பனி விடுமுறை வருவதால் மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்டுகளில் வரிசை நீளும். ஜனவரி நடுப்பகுதியில் கூட்டம் குறையும், விலையும் சற்று இறங்கும். ஆனால் குளிர் எலும்பைத் தொடும், பொழுதும் சீக்கிரம் சாய்ந்துவிடும். முதல்முறை பனியைப் பார்க்க வருகிறவர்களுக்கு நான் சொல்வது மார்ச். பகல் நீண்டிருக்கும், வெயில் இதமாக இருக்கும், மேலே பனி குறைந்திருக்காது.

மே மாதமும் ஜூன் தொடக்கமும் இடைக்காலம். ஊரில் பனி உருகியிருக்கும், மேலே நடைபாதைகளை இன்னும் பனி மூடியிருக்கும். பராமரிப்புக்காகச் சில லிஃப்டுகளை நிறுத்திவிடுவார்கள், பல விடுதிகளும் உணவகங்களும் பூட்டியிருக்கும். நம் ஊர்ப் பள்ளி விடுமுறை சரியாக இந்த மே மாதத்தில் வந்து தொலைக்கிறது. வேறு வழியே இல்லையென்றால் வரலாம், தவறில்லை. கோர்னர்கிராட் என்ற மலைமுகட்டுக்கு ஏறும் ரயில் ஆண்டு முழுவதும் ஓடும். ஆனால் மலைப்பாதைகளில் நடக்கும் ஆசையை அந்தப் பயணத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை நடப்பவர்களின் காலம். ஜூலையில் புல்வெளியெல்லாம் பூ. பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமாக, இரண்டு ஆடுகளை வெட்டி ஒட்டியதுபோல் இருக்கும் கறுப்புக் கழுத்து வெள்ளாடுகளை, காலையில் கடைத்தெரு வழியாக மேய்ச்சலுக்கு ஓட்டிப்போய் மாலையில் திரும்ப ஓட்டி வருவார்கள். கைக்கடிகாரக் கடைகளுக்கு நடுவே மணியோசையோடு அவை போகும் காட்சிக்குக் குழந்தைகள் மறுநாளும் அதே இடத்தில் காத்திருப்பார்கள்.

கோடையில் பனிச்சறுக்கும் உண்டு. தியோடுல் பனியாற்றின்மேல், காலையிலிருந்து நண்பகல் வரை. பல நாடுகளின் தேசிய அணிகள் பயிற்சிக்கு வருவது இங்கேதான். "365 நாளும் பனிச்சறுக்கு" என்ற விளம்பரத்தை மட்டும் முழுதாக நம்பிவிடாதீர்கள். 2022 கோடையில் வெப்பம் தாங்காமல் ஜூலை இறுதியில் அதை நிறுத்தவேண்டி வந்தது. பனியாறு ஆண்டுக்காண்டு சுருங்குகிறது. கோடைச் சறுக்கு ஒன்றையே நம்பிப் பணம் கட்டுவதானால், புறப்படும் வாரத்தில் நிலவரத்தைப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

எனக்குப் பிடித்தது செப்டம்பர் கடைசி வாரமும் அக்டோபர் முதல் பத்து நாளும். லார்ச் என்றொரு மரம். ஊசியிலை மரம்தான், ஆனால் இலையுதிர்க்கும். உதிர்க்கும் முன் மலைச்சரிவு முழுவதையும் மஞ்சளாக்கிவிட்டுப் போகும். கீழே மஞ்சள், மேலே புதுப்பனி, அதற்கும் மேலே துடைத்துவிட்ட நீலம். கூட்டமும் இருக்காது. அதற்குப் பிறகு, அக்டோபர் பின்பாதியிலிருந்து நவம்பர் கடைசி வரை ஊர் மறுபடி கதவைச் சாத்திக்கொள்ளும்.

இரண்டாம் படி: எத்தனை இரவு

மூன்று இரவு குறைந்தபட்சம், நான்கு இருந்தால் நல்லது. மாட்டர்ஹார்ன் தனியாக நிற்கும் மலை. காற்று அதில் மோதி மேலெழும்போது, மற்ற வானமெல்லாம் தெளிவாக இருந்தாலும் இதன் தலையில் மட்டும் மேகம் கட்டிக்கொள்ளும். நான்கு நாளில் ஒரு காலையாவது முகம் காட்டாமல் போகாது. அந்த ஒரு காலைக்காக மற்ற நாள்களை இறுக்கிக் கட்டாமல் விட்டுவையுங்கள். எந்த நாளில் எந்த மலை என்று ஊரிலிருந்தே அட்டவணை போட்டு வருகிறவர்கள்தான் வெள்ளைச் சுவருக்குப் பணம் கொடுப்பவர்கள்.

பனிக்காலத்தில் இன்னொன்று. செர்மாட்டிலிருந்து நேரே விமான நிலையத்துக்குப் போகும்படி பயணத்தை முடிக்காதீர்கள். பள்ளத்தாக்குக்கு ஒரே வழிதான். 2018 ஜனவரியில் பனிச்சரிவு அபாயத்தால் ரயிலும் சாலையும் மூடப்பட்டு, ஏறத்தாழ 13,000 பயணிகள் ஊருக்குள்ளேயே மாட்டிக்கொண்டார்கள். அவசரமாகப் போகவேண்டியவர்களை ஹெலிகாப்டரில் இறக்கினார்கள். விமானத்துக்கு முந்தைய இரவைச் சூரிக்கிலோ ஜெனிவாவிலோ கழியுங்கள்.

மூன்றாம் படி: விசா, காப்பீடு

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். சென்னையிலேயே விண்ணப்பிக்கலாம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே வாங்கிக்கொள்கிறார்கள், கடைசி 15 நாளுக்குள் போனால் ஏற்கமாட்டார்கள். 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். காப்பீட்டுத் தாளில் பனிச்சறுக்கும் மலையில் மீட்கும் செலவும் அடங்குமா என்று எழுத்துப்படி கேட்டு வாங்குங்கள். சாதாரணப் பயணக் காப்பீடுகள் பல இவ்விரண்டையும் விலக்கியே வைத்திருக்கும். 1968-இல் தொடங்கிய ஏர் செர்மாட் ஹெலிகாப்டர்கள் உங்களைத் தூக்க வரும். அதற்கான கட்டணச் சீட்டும் பிறகு உங்கள் பெயருக்கே வரும். வாலே மாநிலத்தில் அவசர எண் 144.

நான்காம் படி: போய்ச் சேர்வது

செர்மாட்டுக்குள் பெட்ரோல், டீசல் கார்களுக்கு அனுமதி இல்லை. கார் எடுத்து வருகிறவர்கள் 5 கிலோமீட்டர் கீழே டேஷ் என்ற ஊரில் நிறுத்திவிட்டு, 12 நிமிட ரயிலில் ஏறவேண்டும். ரயிலில் வருகிறவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை என்பதால் நான் ரயிலைத்தான் சொல்வேன். சூரிக்கிலிருந்து மூன்றரை மணி நேரத்துக்குள், ஜெனிவாவிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். இரு வழியும் விஸ்ப் என்ற நிலையத்தில் சேரும். அங்கிருந்து சின்ன சிவப்பு ரயில், ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்.

சூரிக் வழி வருகிறவர்கள் பெர்னில் இறங்கி இரண்டு மணி நேரம் செலவிடலாம். ஐரோப்பாபிளாட்ஸ் என்ற இடத்தில் பல சமயத்தார் ஒரே கூரையின்கீழ் வழிபடும் மாளிகை ஒன்று 2014-இலிருந்து இருக்கிறது. அதில் சைவநெறிக்கூடத்தின் கோயிலும் உண்டு, பூசை தமிழில். 1980-களில் போரிலிருந்து தப்பி வந்த ஈழத்தமிழர்களில் பலர் இந்த நாட்டின் உணவகச் சமையலறைகளில் பாத்திரம் கழுவித்தான் வாழ்க்கையைத் தொடங்கினார்கள். நீங்கள் தங்கப்போகும் மலை விடுதியின் சமையலறையிலிருந்தும் ஒரு தமிழ்க் குரல் கேட்டால் ஆச்சரியப்படாதீர்கள், நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள்.

விஸ்பைத் தாண்டியதும் ரயில் செங்குத்தான இடங்களில் வேகம் குறைந்து, தண்டவாளத்தின் நடுவே உள்ள பற்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஏறும். மேட்டுப்பாளையத்தில் ரயில் ஏறியவர்களுக்கு இது புதிதல்ல. ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளர் வகுத்த அதே பற்சட்ட முறைதான் இங்கும். செர்மாட்டிலிருந்து கோர்னர்கிராட்டுக்கு ஏறும் ரயில் 1898-இலும், மேட்டுப்பாளையம்–குன்னூர் ரயில் 1899-இலும் ஓடத் தொடங்கின. நம் மலை ரயிலின் பழைய நீராவி எஞ்சின்கள் வந்ததே சுவிட்சர்லாந்தின் வின்டர்டூர் தொழிற்சாலையிலிருந்துதான். என் அப்பா குன்னூரில் வளர்ந்தவர். முதன்முறை இங்கே வந்தபோது, மலையைப் பார்க்கும் முன் குனிந்து தண்டவாளத்தைத்தான் பார்த்தார்.

சென்ட் மோரிட்ஸிலிருந்து வரும் கிளேசியர் எக்ஸ்பிரஸும் இங்கேதான் முடிகிறது. 1930-இலிருந்து ஓடும் ரயில், 291 பாலங்கள், 91 குகைப்பாதைகள், ஏறத்தாழ எட்டு மணி நேரம். அழகுதான். ஆனால் சின்னக் குழந்தைகளோடு எட்டு மணி நேரம் உட்காருவது வேறு விஷயம். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடு வரை இது ஓடாது.

பயணச் சலுகை அட்டையைப் பொறுத்தவரை, நாடு முழுவதும் தினமும் சுற்றுவீர்களானால் சுவிஸ் டிராவல் பாஸ். செர்மாட்டும் இன்னும் ஓரிரு ஊரும் மட்டும் என்றால் பாதிக் கட்டண அட்டை போதும், ஒரு மாதம் செல்லும். இரண்டுக்கும் கோர்னர்கிராட் ரயிலில் பாதிக் கட்டணம்தான். பெற்றோரோடு வரும் 6 முதல் 15 வயதுக் குழந்தைகளுக்கு இலவசக் குடும்ப அட்டை கேட்டு வாங்க மறக்காதீர்கள்.

ஐந்தாம் படி: தங்குமிடம்

விலையுயர்ந்த ஊர். இதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை. ஒரு பிராங் நூறு ரூபாய்க்கு மேல் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். பழைய பெருவிடுதிகளில் ஒரு தடவையாவது தங்கவேண்டும் என்ற ஆசை இருந்தால் அதற்கு இதுதான் இடம். 1850-களில் அலெக்சாண்டர் சைலர் நடத்தத் தொடங்கிய மோன்டே ரோசா விடுதியிலிருந்துதான் மாட்டர்ஹார்ன் உச்சியை முதன்முதலில் தொட்ட குழுவின் எட்வர்ட் விம்பர் அந்த ஏற்றத்துக்குப் புறப்பட்டார். 1879-இல் திறந்த செர்மாட்டர்ஹோஃப் விடுதி இன்றும் ஊரின் பழைய குடும்பங்களின் பொதுச்சொத்து.

மற்றவர்களுக்கு, சமையலறையோடு கூடிய அடுக்ககம்தான் கை கொடுக்கும். நாங்கள் குடும்பமாக வந்தால் அதுதான். ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே பெரிய மளிகைக் கடை இருக்கிறது. அரிசி, பருப்பு, தயிர் எல்லாம் கிடைக்கும், மிளகாய்ப்பொடியும் ஊறுகாயும் கையோடு வந்தால் போதும். பனிக்காலத்தில் அடுக்ககங்களைச் சனி முதல் சனி வரை முழு வாரமாகத்தான் பெரும்பாலும் கொடுப்பார்கள். இன்னும் சிக்கனம் வேண்டுமானால் டேஷில் தங்கலாம். ஆனால் விடியலில் மலை சிவப்பதைப் பார்க்க அங்கிருந்து முதல் ரயிலுக்கு ஓடவேண்டும்.

பதிவு செய்யும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். அறையிலிருந்து மாட்டர்ஹார்ன் தெரியுமா? "மலைக்காட்சி" என்றால் எந்த மலையாகவும் இருக்கலாம். அடுத்தது, எந்த லிஃப்டுக்கு அருகில்? குழந்தைகள் சறுக்கப் பழகுவதானால் ஆற்றங்கரையில் சுன்னெகா மலைக்கு ஏறும் சுரங்க ரயிலுக்கு அருகில் பாருங்கள். கனமான காலணியோடு அரை கிலோமீட்டர் நடப்பது முதல் நாளே ஆளைச் சோர்த்துவிடும்.

ஆறாம் படி: எந்த மலை, எந்தக் காலை

மேலே போக மூன்று முக்கிய வழிகள். மூன்றுக்கும் ஒரே நாளில் ஓடாதீர்கள்.

கோர்னர்கிராட், 3,089 மீட்டர். பல்சக்கர ரயிலில் 33 நிமிடம். ஏறும்போது வலப்பக்கம் உட்காருங்கள். மேலே இறங்கினால் மாட்டர்ஹார்ன் ஒருபுறம், சுவிட்சர்லாந்தின் மிக உயர்ந்த சிகரமான 4,634 மீட்டர் டுஃபூர் இருக்கும் மோன்டே ரோசா மறுபுறம், நடுவே கோர்னர் பனியாறு. முதியவர்கள் இருந்தால் இது ஒன்றே போதும், படியேறவேண்டிய சிரமம் குறைவு. கோடையில் திரும்பும்போது ரோட்டன்போடன் நிலையத்தில் இறங்கி ரிஃபல் ஏரிக்கு நடங்கள், பத்து நிமிடம்தான். காற்றில்லாத காலையில் மலை தலைகீழாக நீரில் நிற்கும். காற்று எழுந்துவிட்டால் ஏரி வெறும் ஏரி. அதனால் முதல் ரயில்.

சுன்னெகா, 2,288 மீட்டர். மலைக்குள்ளேயே ஏறும் ரயிலில் ஐந்து நிமிடத்துக்குள் வெளிச்சத்துக்கு வந்துவிடுவீர்கள். அங்கிருந்து இன்னொரு கேபிள் காரில் பிளௌஹெர்ட் போய், ஐந்து ஏரிகளைத் தொட்டு இறங்கும் பாதை ஏறத்தாழ 9 கிலோமீட்டர். முதலில் வரும் ஸ்டெல்லி ஏரிதான் படங்களில் நீங்கள் பார்த்திருப்பது. லெய் ஏரியில் கோடையில் குளிக்கலாம், குழந்தைகள் மணலில் விளையாடலாம். என்னைக் கேட்டால், காசுக்கு அதிகம் தருவது இந்தப் பக்கம்தான்.

மாட்டர்ஹார்ன் கிளேசியர் பாரடைஸ், 3,883 மீட்டர். ஐரோப்பாவில் கேபிள் கார் போகும் மிக உயர்ந்த நிலையம். 2023 ஜூலையிலிருந்து இங்கிருந்து இத்தாலிப் பக்கத்துக்கும் கேபிள் காரிலேயே இறங்கலாம். காலையில் சுவிட்சர்லாந்து, மதியம் செர்வீனியாவில் பாஸ்தா என்று ஒரு நாள். கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். காற்று பலமாக வீசினால் திரும்பும் கேபிள் காரை நிறுத்திவிடுவார்கள். சாலைவழி திரும்பினால் பல மணி நேரம் என்பதால், மதிய உணவை நீட்டிக்கொண்டு உட்காராதீர்கள்.

எந்தச் சீட்டையும் வாங்கும் முன் மேலே உள்ள நேரலைக் கேமராவைக் கைப்பேசியில் பாருங்கள். விடுதி வரவேற்பறைத் திரைகளிலும் ஓடும். ஊரில் மேகம் இருந்து மேலே வெயில் அடிப்பதும் உண்டு, நேர்மாறாகவும் உண்டு. கோர்னர்கிராட் கட்டணம் பருவத்துக்கேற்ப மாறும், கோடையில் போகவர நூறு பிராங்கைத் தாண்டும். பார்க்காமல் கொடுக்கும் தொகையல்ல.

ஏழாம் படி: சறுக்கப் பழகுவது

ஒரே நாளில் பழகிவிடலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். முதல் நாள் விழுவதற்கும் எழுவதற்கும், இரண்டாம் நாள் நிறுத்துவதற்கு, மூன்றாம் நாள்தான் திருப்பங்கள் வரும். மூன்று அரைநாள் வகுப்பு எடுங்கள். சுன்னெகாவில் தொடக்கக்காரர்களுக்குத் தனித் திடல் இருக்கிறது. அங்கே பழகும்வரை முழு மலைக்கான லிஃப்ட் பாஸ் வாங்காதீர்கள், அது வீண்செலவு. சறுக்குக் கட்டை, காலணி, தலைக்கவசம் எல்லாம் கடைத்தெருவில் வாடகைக்குக் கிடைக்கும். முந்தைய மாலையே போய் அளவு பார்த்து எடுத்துவையுங்கள், காலையில் வரிசை நீளும். காலணி இறுக்கமாகத்தான் இருக்கவேண்டும், ஆனால் விரல் மரத்துப்போனால் கூச்சப்படாமல் திரும்பப் போய் மாற்றுங்கள்.

பாதைகளில் நீலம் எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். மஞ்சள் குறியிட்ட பாதைகளைச் சமப்படுத்துவதில்லை, அனுபவம் இல்லாதவர்கள் அந்தப் பக்கமே போகவேண்டாம்.

சறுக்கவே வேண்டாம், பனியில் விளையாடினால் போதும் என்பவர்களுக்கு ரோட்டன்போடனிலிருந்து ரிஃபல்பெர்க் வரை சறுக்குவண்டிப் பாதை உண்டு, ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர். மர வண்டியில் உட்கார்ந்து காலாலேயே பிரேக் பிடித்து இறங்கலாம். கீழே வந்ததும் ரயிலில் ஏறி மறுபடி மேலே. அறுபது வயது மாமாவும் எட்டு வயதுப் பேரனும் ஒரே மாதிரி கத்திக்கொண்டு இறங்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

எட்டாம் படி: உடம்பு, உடை

3,883 மீட்டரில் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்ஸிஜன், கடல் மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. வந்த அன்றே அங்கே ஏறாதீர்கள். என் சின்னம்மா நேரே விமானத்திலிருந்து வந்து மறுநாள் காலை மேலே போய், கேபிள் கார் வாசலிலேயே தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். உடனே கீழே கூட்டி வந்ததும் சரியாயிற்று. அன்றிலிருந்து எங்கள் வீட்டு ஒழுங்கு: முதல் நாள் ஊர், இரண்டாம் நாள் சுன்னெகா, மூன்றாம் நாள் கோர்னர்கிராட், அதற்குப் பிறகுதான் மற்றது. தண்ணீர் நிறையக் குடியுங்கள். இதயம், நுரையீரல் பிரச்சினை உள்ளவர்களும் கைக்குழந்தையோடு வருகிறவர்களும் மருத்துவரைக் கேட்டுவிட்டே அந்த உயரத்துக்குப் போகவேண்டும்.

பருத்தி உள்ளாடை குளிர்காலத்தில் எதிரி. வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருந்து குளிரை உடம்போடு ஒட்டவைக்கும். உள்ளே கம்பளி அல்லது செயற்கை இழை, நடுவில் ஃபிளீஸ், மேலே காற்றும் நீரும் புகாத சட்டை. தடித்த ஒன்றைவிட மெல்லிய மூன்று மேல். காலணி வழுக்காத அடியோடு இருக்கட்டும், மாலையில் தெருப்பனி கண்ணாடியாகிவிடும். முதியவர்களுக்குக் காலணியில் மாட்டும் ஆணிப்பட்டை ஒன்று வாங்கிக்கொடுங்கள். கோடையானாலும் கருப்புக் கண்ணாடியும் சூரியக் களிம்பும் வேண்டும். பனியில் பட்டுத் திரும்பும் வெயில் மூக்கின் அடிப்பாகத்தைக்கூடச் சுட்டுவிடும்.

மழை நாளுக்கு ஒன்று

எல்லாக் கேமராவும் வெள்ளையாக இருக்கும் நாள் ஒன்று நிச்சயம் வரும். அன்று ஹின்டர்டோர்ஃப் போங்கள், பழைய ஊர். வெயிலில் கறுத்த மரக் களஞ்சியங்கள் குட்டைக் கால்களில் நிற்கும், ஒவ்வொரு காலின் தலையிலும் தட்டையான வட்டக் கல். எலி ஏறி வந்தால் அந்தக் கல்லைத் தாண்டமுடியாது. பணம் வருமுன் இந்த ஊர் தானியத்தை எவ்வளவு அருமையாகக் காத்தது என்பதை அந்தக் கல் காட்டும்.

பிறகு தேவாலயத்துக்கு அருகே நிலத்துக்குள் கட்டிய மாட்டர்ஹார்ன் அருங்காட்சியகம். 1865 ஜூலை 14 அன்று ஏழு பேர் முதன்முறையாக உச்சியைத் தொட்டார்கள். இறங்கும்போது கயிறு அறுந்து நால்வர் விழுந்து இறந்தார்கள். விம்பரும் டௌக்வால்டர் என்ற உள்ளூர் வழிகாட்டிகள் இருவரும், தந்தையும் மகனும், உயிரோடு திரும்பினார்கள். அறுந்த அந்தக் கயிறு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. இவ்வளவு மெல்லியதா என்று தோன்றும். வெளியே வந்து தேவாலயத் தோட்டத்தில் மலையில் மாண்டவர்களின் கல்லறைகளைப் பாருங்கள். இருபது, இருபத்திரண்டு வயதுக்காரர்கள் பலர். அங்கே சத்தமாகப் பேசவேண்டாம், படம் எடுப்பதும் குறைவாக இருக்கட்டும்.

அங்கிருந்து இரண்டு நிமிட நடையில் ஆற்றுப் பாலம். இடத்தை அன்றே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் வானம் தெளிந்திருந்தால் சூரிய உதயத்துக்குப் பதினைந்து நிமிடம் முன்பு, குளிருக்குப் போர்த்திக்கொண்டு அங்கே போய் நில்லுங்கள். வெளிச்சம் முதலில் உச்சியின் நுனியில் விழுந்து, கிழக்கு முகம் நெடுகச் செம்பாகக் கீழே இறங்கும். அதற்குச் சீட்டு எதுவும் வாங்கவேண்டியதில்லை.